ஆடி பிறக்கும் முன் கிளம்பிய பெட்டி

திண்டிவனத்தில் ஜாபர் சாதிக் பாயின் பாத்திரக்கடையில் இளவரசிக்குப் பேர் வெட்டுகிற வேலை. தட்டோ டம்ளரோ குடமோ, வாங்கியவர் சொல்லும் பேரைச் சின்ன மின்சார மெஷினால் எவர்சில்வரில் புள்ளி புள்ளியாக இறக்கிக் கொடுப்பாள். கிட்டத்தட்ட மூன்று வருடமாக இதுதான். கல்யாணச் சீர், கோயில் அன்பளிப்பு, வளைகாப்புத் தாம்பாளம் எதுவானாலும் குனிந்த தலை நிமிராமல் வெட்டிவிடுவாள். ஜூன் பாதிக்கு மேல், கல்லூரி விடுதிக்குப் போகிற பெண்கள் தட்டும் டம்ளரும் வாங்க வரும்போது மட்டும் தலை தானாக நிமிரும்.

அப்படி வந்த பெண்ணை மேலிருந்து கீழ்வரை பார்ப்பாள். இவள் பன்னிரண்டாவதில் எவ்வளவு வாங்கியிருப்பாள்? நானூறு இருக்குமா? தன்னுடைய ஐநூற்று நாற்பத்தொன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அப்புறம் அந்தப் பெண்ணின் பேரைக் கொஞ்சம் அழுத்தியே வெட்டுவாள். மெஷின் கிர்ரென்று கத்தும்.

பாய் கோட்டக்குப்பத்துக்காரர். பதினாறு வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். விடுதிக்குச் சாமான் வாங்க வருகிறவர்களிடம், "அதோ அந்தப் பொண்ணக் கேளுங்க, ஆஸ்டல்ல இருந்து படிச்ச பொண்ணு, எல்லாம் சொல்லும்" என்று கைகாட்டுவார். அது உண்மையில்லை. இளவரசி ஒரு ராத்திரிகூட எந்த விடுதியிலும் தங்கியதில்லை. ஆனால் பாய் சொன்னதை அவள் ஒருநாளும் திருத்தவில்லை. பூட்டுக்கு ரெண்டு சாவி இருக்கிறதா பாருங்கள், ஒன்றை வீட்டில் வையுங்கள். மூடி போட்ட பெரிய பக்கெட்டாக வாங்குங்கள், தண்ணீர் வருகிற நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்ளலாம். துணி காயப்போடக் கயிறும் கிளிப்பும் மறந்துவிடாதீர்கள். அறைக்கு ஒரு பிளக் பாயின்ட்தான் இருக்கும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், டிசி எல்லாம் ஒரிஜினலோடு மூன்று ஜெராக்ஸ். இப்படி மடமடவென்று சொல்வாள். தங்காத விடுதியைத் தங்கியவளைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தாள். ஏங்கியவளுக்குத்தான் பட்டியல் இப்படி மனப்பாடமாக இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் விழுப்புரத்துக் கல்லூரியில் பி.எஸ்.சி. கணக்கு அவளுக்குக் கிடைத்தது. அரசு மாணவியர் விடுதியிலும் இடம் கிடைத்தது. ஆடி பத்துக்குள் வந்து சேரவேண்டும் என்று கடிதம். அப்பா இல்லாத வீடு. அப்பாவின் தம்பி சீனுவாசன்தான் பெரியவர். அவர் தினசரிக் காலண்டரைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: "ஆடி மாசத்துல பொம்பளப் புள்ளைய வூட்ட வுட்டு அனுப்புறதா? முடியட்டும். ஆவணி பொறக்கட்டும்."

அதே ஆடியில் பஸ் ஓடியது. பால் சொசைட்டியில் பால் எடுத்தார்கள். ஜவுளிக்கடைகள் தள்ளுபடி போட்டு, ஊரே உள்ளே நுழைந்தது. நாள் பார்த்து நுழைந்தவர் ஒருவரும் இல்லை. சீனுவாசன் அதே மாதத்தில்தான் ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டைக் கடலை விதைத்தார். மண்ணுக்கு ஆகிற மாதம் பெண்ணுக்கு ஆகவில்லை.

ஆவணி இரண்டாம் தேதி பக்கெட்டும் கோரைப்பாயுமாகப் போய் நின்றபோது, வார்டன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். இளவரசி பேரின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அதற்குக் கீழே வேறொரு பெண்ணின் பேர். அந்தப் பேரைக்கூட அவள் மறக்கவில்லை. பிறகு தீபாவளி வரை பஸ்ஸிலேயே போய் வந்தாள். கூட்டேரிப்பட்டில் இறங்கி ஊருக்குள் மூன்று கிலோமீட்டர். டவுன் பஸ் தவறினால் இருட்டில் நடை. மூன்றாவது தடவை இருட்டிவிட்டபோது சீனுவாசன் "போதும், படிச்சது" என்றார். விடுதி இருந்தால் இருட்டு இல்லை. விடுதியைக் கெடுத்தவரே இருட்டைக் காரணம் காட்டினார். இதை எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஒரு வாய் இல்லை.

இந்த வருடம், ஆனி மாதக் கடைசி வாரத்தில் ஒரு பகல். கடை வாசலில் அதே சீனுவாசன் வந்து நின்றார். பின்னால் அவருடைய மகள் ஆர்த்தி. அவளுக்கும் விழுப்புரத்துக் கல்லூரிதான். அதே விடுதிதான். மார்க்கு நானூற்று முப்பத்தெட்டு. விடுதிக்கான விண்ணப்பத்தை இளவரசிதான் தன் போனில் போட்டுக் கொடுத்தாள். ஓடிபி வரவேண்டும் என்று தன் நம்பரையே கொடுத்திருந்தாள். சித்தப்பாவின் பட்டன் போனை நம்ப முடியாது.

"ஏம்மா இளவரசி, ஆஸ்டலுக்கு இன்னா இன்னா வேணுமோ எல்லாம் எடுத்துக் குடு. உன்னாண்ட வுட்டுட்டேன்" என்றார் சீனுவாசன். மஞ்சள் பையிலிருந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினார். "தட்டு மட்டும் வாணாம். உங்கம்மா இத்தக் குடுத்துச்சி. புதுசாவே கீது."

இளவரசி வாங்கிப் பார்த்தாள். அவளுடைய தட்டு. மூன்று வருடத்துக்கு முன் அம்மா கிருஷ்ணவேணி இதே கடையில் வாங்கி, அப்போது இருந்த ஆளிடம் ஆசையாகப் பேர் வெட்டி வாங்கியது. 'இளவரசி, பி.எஸ்.சி.' என்று. சேருவதற்கு முன்னாலேயே பட்டத்தையும் சேர்த்து வெட்டச் சொல்லியிருந்தாள் அம்மா. அந்தத் தட்டில் வீட்டில் யாரும் ஒரு வாய் சோறு போட்டுத் தின்றதில்லை.

"அந்தப் பேர அழிச்சிட்டு நம்ம ஆர்த்தி பேர வெட்டிடு. உன் கையாலயே."

"அப்பா, வேற தட்டே வாங்கிக்கலாம்பா" என்றாள் ஆர்த்தி மெதுவாக.

"சும்மா இரு. வூட்டுல இருக்கறத வுட்டுட்டு வேறயா?"

இளவரசி உப்புத்தாளை எடுத்துத் தன் பேரைத் தேய்த்தாள். புள்ளிகள் மங்கி, எழுத்து கரைந்து, அந்த இடம் மட்டும் மூச்சு பட்ட கண்ணாடி மாதிரி ஆயிற்று. அதன் மேல் மெஷினை வைத்து 'சீ. ஆர்த்தி' என்று வெட்டினாள். தூளை ஊதிவிட்டாள்.

அதன் பிறகு அவள் செய்ததைப் பெருமையாகச் சொல்ல முடியாது. ஆர்த்தி ரோஸ் கலர் பக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இளவரசி பாசி நிறத்தில் ஒரு சின்ன பக்கெட்டை எடுத்து வைத்தாள். மூடி இல்லாதது. "இது போதும். பெருசு வெச்சிக்கினா தூக்க முடியாது." கயிறு, கிளிப்பு பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. முன்பின் தெரியாத ஐம்பது பெண்களுக்குச் சொன்னதைச் சித்தப்பா மகளுக்குச் சொல்லவில்லை. டிரங்குப் பெட்டியும் பூட்டும் வாங்கினார்கள். பெட்டி மூடியில் பேரை எழுத இளவரசிதான் பெயின்ட் பிரஷ்ஷைப் பிடித்தாள்.

"எப்ப சித்தப்பா கொண்டுபோய் வுடுறீங்க? ஆடி பொறக்குதே" என்று கேட்டாள். கேட்கும்போது உள்ளே ஒரு சின்ன நம்பிக்கை துள்ளியது. ஆவணி என்று சொல்லட்டும். சொன்னால் இவளும் என் மாதிரிதான்.

சீனுவாசன் சிரித்தார். "அதுக்கு வழி கீதும்மா. பரஸ்தானம். நல்ல நாள்ல பெட்டிய மட்டும் வூட்டுலேர்ந்து கெளப்பி, போற தெசையில இன்னொரு வூட்டுல வெச்சிட்டா, பிரயாணம் அன்னைக்கே கெளம்பிட்ட கணக்கு. அப்பறம் ஆள் எப்ப வேணா போலாம். நாளைக்கு முகூர்த்த நாளு. உங்க வூடு எங்களுக்குத் தெக்கால கீதில்ல, விழுப்புரம் போற பக்கம். அங்கதான் வெக்கப் போறேன்."

மெஷின் சுவிட்சை அணைத்துவிட்டு இளவரசி அவரைப் பார்த்தாள். "இது மூணு வருஷத்துக்கு முன்னாடி இல்லியா சித்தப்பா?"

"இல்லாம இன்னா. எங்க தாத்தா காலத்துலேர்ந்து கீது."

"அப்ப எனக்கு ஏன் வெக்கல?"

சீனுவாசன் பூட்டைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார். "அப்ப தோணலம்மா" என்றார்.

அவ்வளவுதான் காரணம். சாத்திரம் கல்லில் வெட்டியது என்று சொல்கிறவர்கள் தங்கள் பிள்ளைக்கு என்று வரும்போது அதில் சந்து கண்டுபிடிக்கிறார்கள். அண்ணன் மகளுக்கு அந்தச் சந்து தோன்றவில்லை. கெட்ட எண்ணம்கூட இல்லை. தோன்றவில்லை, அவ்வளவே. கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் இளவரசி சண்டை போட்டு ஆற்றியிருப்பாள்.

மறுநாள் காலை பெட்டி வந்தது. சீனுவாசன் தலையில் சுமந்துவந்து, கிருஷ்ணவேணி கரைத்து வைத்திருந்த ஆரத்தியைத் தாண்டி, இளவரசி படுக்கிற மூலையிலேயே இறக்கி வைத்தார். பெட்டி வந்ததில் அம்மாவுக்குச் சந்தோஷம். "நம்ம வூட்டுலேர்ந்து ஒரு புள்ள ஆஸ்டலுக்குப் போவுது பாரேன்" என்றாள்.

"ஆமாமா. நம்ம வூட்டுலேர்ந்துதான்" என்றாள் இளவரசி.

ஒருமுறை கிளம்பிய பெட்டி திரும்பிப் போகக்கூடாதாம். அதனால் ஆர்த்தி தினமும் சாயங்காலம் ஒவ்வொரு சாமானாகக் கொண்டுவந்து அடுக்கினாள். ஒருநாள் போர்வை. ஒருநாள் கேப்பை மாவும் மல்லாட்டை உருண்டையும் போட்ட டப்பா. ஒருநாள் ஆறு பாஸ்போர்ட் போட்டோ. அடுக்கிவிட்டு இளவரசியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள்.

"அக்கா, ஒரு ரூமுல எத்தினி பேரு?"

"பத்து பேரு."

"பத்தா!"

"பாத்ரூமுக்குக் காலைல நாலு மணிக்கே வரிசையில நிக்கணும். அரை மணி நேரம்தான் தண்ணி. சாம்பாருல பருப்பத் தேடினா கெடைக்காது. பல்லி இருக்கும். சீனியருங்க வந்தா எழுந்து நிக்கணும்."

ஆர்த்தியின் முகம் சுருங்குவதைப் பார்க்க இளவரசிக்கு இனித்தது. அடுத்த நிமிடமே அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "போக்கா, நீ வேணும்னே பேஜார் பண்ற. எல்லாரும் இருக்கற எடத்துல நானும் இருந்துட்டுப் போறேன்." பயமுறுத்தினாலும் பயப்படாதவளைக் கண்டால் இன்னும் எரிந்தது.

ஆடி பிறந்து ஒரு வாரம். புதன்கிழமை மத்தியானம் கடையில் இளவரசியின் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஆர்த்திங்களா? விழுப்புரம் ஆஸ்டல் வார்டன் பேசுறேன். மாசக் கடைசி வரைக்கும் டைம் சொல்லியிருந்தோம்ல? அது இப்ப மாறிடுச்சும்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வந்து கையெழுத்துப் போடணும். வரலன்னா வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்த பொண்ணுக்குப் போயிடும். தெரியுதா?"

"சரிங்க மேடம்" என்றாள் இளவரசி.

போனை வைத்தாள். சீனுவாசன் திங்கட்கிழமைக்கு நாள் குறித்திருந்தார். பிரயாணம்தான் கிளம்பிவிட்டதே, ஆளை நல்ல கிழமையில் கொண்டுபோய் விடலாம் என்று நிதானமாக இருந்தார். திங்கட்கிழமை போனால் வார்டன் பதிவேட்டைத் திருப்பிக் காட்டுவார். சிவப்பு மை.

இளவரசி எதுவும் செய்யவேண்டியதில்லை. பொய் சொல்லவேண்டாம், திருடவேண்டாம், யாரையும் தள்ளவேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். பெட்டி அங்கேயே இருந்தது. அதன்மேல் தான் எழுதிய பேரைப் பார்த்தாள். சோறு நன்றாக இறங்கியது. அம்மாவே கேட்டாள், "இன்னாடி இன்னைக்கு ரெண்டாவது தபா போட்டுக்கினு துன்ற?"

வியாழக்கிழமை சாயங்காலம் ஆர்த்தி சோப்பு டப்பாவோடு வந்தாள். "அக்கா, திங்கக்கிழம நீயும் வாக்கா. அப்பா வந்தா வார்டன் முன்னாடி பேசவே மாட்டாரு, தலையச் சொறிஞ்சிக்கினு நிப்பாரு. நீதான் எல்லாம் தெரிஞ்சி வெச்சிருக்க."

"திங்கக்கிழம பாக்கலாம்" என்றாள் இளவரசி. திங்கட்கிழமையில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது என்று தெரிந்தே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரம் முடிந்து கடை தூங்கிக்கொண்டிருந்தபோது, ஓர் அம்மா வந்து பையிலிருந்து ஒரு தட்டும் டம்ளரும் எடுத்துப் பாய் முன்னால் வைத்தாள். பின்னால் ஒரு பெண்.

"போன மாசம் இங்கதாங்க வாங்கினோம். திருப்பி எடுத்துக்கறீங்களா?"

பாய் தட்டைத் திருப்பிப் பார்த்தார். "பேரு வெட்டிக்குதேம்மா. பேரு வெட்டுனத எப்படி எடுக்கறது? நான் யாருக்கு விக்கறது?"

"அப்பன்னா ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பேருக்குப் பக்கத்துல மாப்பிள்ள பேரையும் சேத்து வெட்டிக் குடுங்க. சீர்ல வெச்சிடுறோம். ஆவணியில கல்யாணம். நல்ல எடமா வந்துச்சி, வுட மனசில்ல. ஆஸ்டலு கீஸ்டலு எல்லாம் எதுக்கு இனிமே."

தட்டு இளவரசியின் மடிக்கு வந்தது. 'அருணா, பி.ஏ. தமிழ்'. தன் கையெழுத்து. ஜூனில் தானே வெட்டியது. அன்றைக்கு இந்தப் பெண்ணைப் பார்த்து மார்க்கு கணக்குப் போட்டது ஞாபகம் வந்தது. எப்போதும் போலத் தலை நிமிர்ந்து பார்த்தாள். அருணா கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்த குக்கர்கள் பக்கம் திரும்பி நின்றாள். அழவில்லை. குக்கரையும் பார்க்கவில்லை.

இளவரசி அவளிடம் பொறாமைப்பட ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. இதைத்தானே வேண்டியிருந்தோம்? ஒருத்தி என் மாதிரி ஆகவேண்டும் என்று. இதோ ஆகிவிட்டாள். வந்து நிற்கிறாள். இனிக்கவில்லை. இதைச் செய்தது ஓர் அம்மா. தனக்குச் செய்தது ஒரு சித்தப்பா. இன்று ஐந்து மணிக்கு ஆர்த்திக்கு இதைச் செய்யப்போவது யார்?

"மாப்பிள்ள பேரு தென்னரசு. போடும்மா" என்றாள் அந்த அம்மா.

இளவரசி மெஷினைக் கீழே வைத்தாள். "பாய், அரை நாள் லீவு வேணும்."

"இப்பவா? இத ஜல்தியா முடிச்சிட்டுப் போயேம்மா."

"முடியாது பாய். நேரமில்ல." கடைக்குள் தொங்கிய நைலான் கயிற்றில் ஒரு சுருளை இழுத்தாள். கிளிப்பு ஒரு பாக்கெட் எடுத்தாள். "என் சம்பளத்துல புடிச்சிக்கோங்க."

கூட்டேரிப்பட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஊருக்குள் வந்து சேர்ந்தபோது மணி மூன்று ஐந்து. சீனுவாசனின் வீட்டு வாசலிலேயே நின்று கூப்பிட்டாள். சத்தம் கேட்டு அம்மாவும் தெருவில் ஓடிவந்தாள்.

"சித்தப்பா, இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஆர்த்தி ஆஸ்டல்ல கையெழுத்துப் போடணும். இல்லன்னா சீட்டு போயிடும். பொதன்கிழமையே போன் வந்துச்சி."

"பொதன்கிழமையா? ஏன் சொல்லல?"

"வயித்தெரிச்சல். அதான் சொல்லல."

கிருஷ்ணவேணி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்த்தி கதவைப் பிடித்துக்கொண்டு அக்காவையே பார்த்தாள்.

"திட்டறத அப்பால திட்டுங்க. உக்காந்துக்கினு கேக்கறேன். இப்ப பெட்டியத் தூக்குங்க."

அவர் உள்ளே ஓடினார். சட்டையை மாட்டத்தான் போகிறார் என்று நினைத்தாள். காலண்டரோடு வந்தார். விரல் ஒரு கட்டத்தில் நின்றது. "எமகண்டம்மா இது. வெள்ளிக்கெழம மூணுலேர்ந்து நாலரை. நாலரைக்கு மேல கெளம்பலாம்."

"நாலரைக்குக் கெளம்பினா ஆறு மணிக்குப் போயி எந்தச் சீட்டுல ஒக்காருவா?"

"அதுக்குன்னு எமகண்டத்துல பொட்டப் புள்ளைய..."

மூன்று வருடமாக அடக்கி வைத்தது அப்போதுதான் வாய்க்கு வந்தது. "சித்தப்பா, பெட்டி எங்க கீது?"

"உங்க வூட்டுல."

"எப்ப கெளம்புச்சி?"

"ஆனியில."

"பிரயாணம் அன்னைக்கே கெளம்பிட்ட கணக்குன்னு சொன்னது யாரு? கெளம்பிட்ட பிரயாணத்த இன்னைக்கு வந்த எமகண்டம் எப்படிப் புடிக்கும்? ஆடி புடிக்காதது எமகண்டம் புடிக்குமா? ரெண்டுல எது பெருசு, நீங்களே பாத்துச் சொல்லுங்க. இவ இப்ப கெளம்பல. பத்து நாளா வழியில கீறா. எங்க வூடு பஸ் ஸ்டாப்பு."

சீனுவாசன் காலண்டரைப் பார்த்தார். அதில் இதற்குப் பதில் இல்லை. எந்தக் காலண்டரிலும் இருக்காது. அச்சடித்தவன் நேரத்தைத்தான் அச்சடிப்பான், நியாயத்தை அல்ல.

"பெரியம்மா, தள்ளுங்க, வழிய வுடுங்க" என்று ஆர்த்திதான் முதலில் நகர்ந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் தெருவில் இறங்கி, தெற்கே இருந்த வீட்டுக்கு ஓடினாள். பெட்டியின் ஒரு காதை அவள் பிடித்தாள், மறு காதை இளவரசி பிடித்தாள். இளவரசி வெளியே வந்தவள் திரும்பி உள்ளே போய், மூடி போட்ட பெரிய நீலப் பக்கெட்டை எடுத்து, நிரம்பியிருந்த தண்ணீரை முற்றத்தில் கவிழ்த்தாள்.

"அடியே, குடிக்கிற தண்ணிடி அது!" என்று கத்தினாள் பின்னாலேயே வந்த அம்மா.

"பாசி கலர் பக்கெட்டு இனிமே உனக்கு" என்றாள் இளவரசி.

பஸ் கிடைத்தபோது மூன்று நாற்பது. சீனுவாசனும் ஏறினார். யாருக்கும் பக்கத்தில் உட்காராமல், டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, வழியெல்லாம் வாட்சைப் பார்த்தார். எமகண்டத்துக்காகப் பார்த்தாரா, ஐந்து மணிக்காகப் பார்த்தாரா என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

நாலு நாற்பத்தைந்துக்கு விடுதி வாசல். வார்டன் பதிவேட்டைத் திறந்தார். ஆர்த்தி பேரின் மேல் கோடு இல்லை. கையெழுத்துப் போட்டாள். பாதுகாவலர் கையெழுத்து என்ற இடத்தில் சீனுவாசன் பேனாவை வாங்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு இளவரசியைக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டு, உறவுமுறை என்ற கட்டத்தில் 'அக்கா' என்று எழுதினாள்.

அறைக்கு இளவரசிதான் கூடப் போனாள். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். பத்துப் பேர் இல்லை. நாலு கட்டில். இரும்புக் கட்டில், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவர் அலமாரி. பிளக் பாயின்ட் அவள் சொன்ன மாதிரியே ஒன்றுதான். அதில் மூன்று பேர் ஏற்கெனவே வரிசை போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். ஜங்ஷன் பக்கமிருந்து ரயில் ஒன்று நீளமாகக் கூவிக்கொண்டு போனது. இளவரசி காலிக் கட்டிலில் உட்கார்ந்தாள். கை தானாகக் கம்பியைத் தடவியது. இத்தனை நாள் பட்டியலாகத் தெரிந்த இடம், இப்போது கட்டிலும் சுவருமாக இருந்தது. மூன்று வருடம் இதில் படுத்திருக்கலாம். இந்நேரம் படிப்பு முடித்து வெளியே போயிருக்கலாம். அந்த வயிற்றெரிச்சல் போகவில்லை. ஆர்த்தியைக் கரைசேர்த்ததால் போயிருக்கவேண்டும் என்று யாராவது சொன்னால், அவர்கள் ஒருநாளும் எதையும் இழக்காதவர்கள்.

ஜன்னல் கம்பிக்கும் அலமாரிக் கொக்கிக்கும் இடையே கயிற்றைக் கட்டினாள். ஆர்த்தி தட்டைக் குழாயில் கழுவி, வெளிச்சத்துக்கு நேரே சாய்த்தாள்.

"அக்கா, இங்க பாரேன். என் பேருக்கு அடியில உன் பேரு தெரியுது."

சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது. மங்கலாக, ஆனால் முழுதாக. பி.எஸ்.சி. வரை.

"தெரியட்டும். நான் அழுத்தித் தேய்க்கல" என்றாள் இளவரசி.

ஆர்த்தி தட்டை அலமாரியில் வைத்தாள். "ரெண்டு நாளு சொல்லாமயே இருந்தியாக்கா?"

"இருந்தேன்."

"நான் சோப்பு டப்பா எடுத்துக்கினு வந்தப்பவும் தெரியும் உனக்கு."

"தெரியும்."

"என்னால உன்னாண்ட இன்னைக்குப் பேச முடியாதுக்கா" என்றாள் ஆர்த்தி. ஆனாலும் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இறுக்கிக் கொடுத்தாள்.

வாசலுக்கு வந்த இளவரசி மறுபடியும் வார்டன் மேசை முன்னால் போய் நின்றாள். சீனுவாசன் வெளியே ஆட்டோ பேசிக்கொண்டிருந்தார்.

"மேடம், இருபத்தொரு வயசானவங்க காலேஜுல சேர முடியுமா? பி.எஸ்.சி. கணக்கு."

"யாருக்கும்மா?"

"எனக்கு."

வார்டன் கண்ணாடியைக் கழற்றினார். "வயசு விஷயம் காலேஜ் ஆபீஸ்லதான் கேக்கணும். நாளைக்குப் பத்து மணிக்கு மேல போன் பண்ணிக் கேளு. அடுத்த வருஷ அப்ளிகேஷன் மே மாசம் வரும்." ஒரு காகிதத்தில் நம்பர் எழுதிக் கொடுத்தார். இளவரசி அதை மடித்து, போனின் கவருக்குள் சொருகினாள்.

திரும்பும் பஸ்ஸில் சீனுவாசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். விக்கிரவாண்டி தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடியே, "அன்னைக்கு உனக்கும் பெட்டி வெச்சிருக்கலாம்" என்றார்.

"வெச்சிருக்க வாணாம் சித்தப்பா. பஸ்ஸுல ஏத்தி வுட்டிருந்தா போதும்."

போன் அடித்தது. பாய்.

"இளவரசிம்மா, அந்தம்மா தட்ட இங்கயே வெச்சிட்டுப் போயிட்டாங்க. நாளைக்கு வெட்டிடுவியா?"

"அவங்க நம்பர் இருக்குதா பாய்? அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வெட்டறேன்."

"இதெல்லாம் நாம ஏம்மா கேக்கணும்?"

"யாரும் கேக்கலியே பாய், அதான்." போனை மறு காதுக்கு மாற்றினாள். "இன்னொண்ணு பாய். நான் ஆஸ்டல்ல இருந்து படிச்ச பொண்ணு இல்ல. ஒருநாளும் இருந்ததில்ல. இனிமே அப்படிச் சொல்லாதீங்க."

"அப்ப கஸ்டமர் வந்தா இன்னான்னு சொல்றது?"

"போகப்போற பொண்ணுன்னு சொல்லுங்க" என்றாள் இளவரசி. கூட்டேரிப்பட்டு நிறுத்தம் வந்தது. எழுந்து இறங்கினாள்.